அண்ணன் பங்கு

அத்தியாயம் பதினான்கு: பாதி ஆப்பிள்

இந்த வீட்டுக்கு இன்றுதான் முதன்முதலாக வருகிறவர்கள் வாசலிலேயே நின்று தயங்க வேண்டாம், உள்ளே வாருங்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் சின்னவன். பக்கத்தில் அவன் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மூன்றாவது நாற்காலி அம்மாவுடையது என்று பேர், ஆனால் அவள் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்துப் போட்டவள், நின்றே பழகிவிட்டாள். நான்காவது நாற்காலி, சின்னவனுக்கு நேர் எதிரே இருப்பது, பெரியவனுடையது.

பெரியவன் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவன் தட்டில் மட்டும் இன்னும் சோறு விழுந்துகொண்டிருக்கிறது.

அது எங்கே போகிறது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பரிமாறி முடித்ததும் அம்மா துணி மடிக்க உள்ளே போவாள். மனைவி பாத்திரங்களோடு அடுக்களைக்குப் போவாள். அந்த ஐந்து நிமிடத்தில் சின்னவனின் கை மேசைக்குக் குறுக்கே நீளும். அம்மா திரும்பி வரும்போது எதிர்த் தட்டு காலியாக இருக்கும். அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

சின்னவனின் எடை நூற்றைம்பத்தொரு கிலோ. வேலையில் அவன் இடுப்பில் மாட்டும் பாதுகாப்பு பெல்ட் தாங்குவது நூற்று நாற்பது. எட்டு மாதமாக அவனை மேலே ஏற்றுவதில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கி எண்ணெய் துடைக்கிற வேலைதான். இதற்கும் கீழே அனுப்ப இடமில்லை, அடுத்தது வீடுதான் என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரைப்பையைச் சின்னதாக்கும் அறுவைச் சிகிச்சைக்கான பட்டியலில் அவன் பேர் இருக்கிறது. அது அங்கேயே இருக்குமா, அடிபடுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அதற்கு மருத்துவமனையில் கேட்டது ஒரு நோட்டு. ஏழு நாள், வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

அவன் எழுதாமல் இல்லை. முதல் நாள் காலை உட்கார்ந்தான். நாலு கரண்டி சர்க்கரை போட்ட காபி என்று எழுதினான். குழிக்குள் நின்றபடியே தின்ற இரண்டு ரொட்டி, வேலையாள் ஒருவன் மீதம் வைத்த உருளைக்கிழங்கு, சட்டைப் பையில் கிடந்த பிஸ்கட் என்று பதினோரு மணிக்குள் பக்கம் பாதி நிறைந்துவிட்டது. அதைத் திரும்பப் படித்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. இதை அங்கே உணவு ஆலோசகர் ஒருத்தி படிக்கப் போகிறாள் என்று நினைத்ததும் கை ஓடவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கினான்.

அப்போதுதான் அண்ணனின் பழைய நோட்டு நினைவுக்கு வந்தது. அவனும் இதே மருத்துவமனைக்கு இதே ஏழு நாளை எழுதியவன்தான். அம்மா அதைப் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வைத்திருந்தாள். சின்னவன் எடுத்துப் பார்த்தான். ஒரு பிசிறு இல்லை. வேகவைத்த காய், ஒரு முட்டை, சூப், பழம். படிக்கிறவருக்கே உடம்பு இளைத்துவிடும் போல இருந்தது. கிழமையை மட்டும் மாற்றி ஏழு நாளையும் அப்படியே எழுதிவிட்டு, அண்ணன் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

செத்துப்போனவனின் பொய்யைக் காப்பி அடிக்கிறோம் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற மாதிரிதான் இருந்தது.

"டேய், இன்னும் ரெண்டு வச்சுக்கோ" என்றாள் அம்மா. இன்று காலை தட்டில் ஆறு முட்டை. இந்த வாரம் முழுக்கவே அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. போடுவது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது. எதிர்த் தட்டிலும் அதே ஆறு.

"போதும்மா, லேட்டாச்சு."

"சாப்பிடாம படி இறங்காதே." அம்மாவின் குரல் திடீரென்று கிறீச்சிட்டது. "சொல்லிட்டேன். இறங்காதே."

அவன் சாப்பிட்டான். அவள் உள்ளே போனதும் எதிர்த் தட்டையும் சாப்பிட்டான். எதிர் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிடுவது அவனுக்கு இப்போது கைவந்த கலை. ஆனாலும் சில நாட்களில் அந்த நாற்காலி லேசாக நகர்ந்தது போல இருக்கும். அப்போது இன்னும் வேகமாக மெல்லுவான்.

*

மருத்துவமனை லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று பலகை. உள்ளே ஐந்து பேர் நின்றார்கள். சின்னவன் காலை வைத்ததும் மணி அலறியது.

ஐந்து பேரும் மேற்கூரையைப் பார்த்தார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை. அந்த மரியாதை இருக்கிறதே, அது திட்டுவதைவிட மோசம். எடை காட்டும் கருவி தப்பாகத் திருகப்பட்டிருக்கிறது, அறுபது கிலோ முன்னாலேயே கத்துகிறது என்பது அவனுக்கு மணிச் சத்தத்திலேயே புரிந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை. ஆனால் நூற்றைம்பத்தொரு கிலோ ஆள் "பிழை லிஃப்டில்தான்" என்று சொன்னால் எவன் நம்புவான்? இறங்கி, மூன்று மாடியையும் நின்று நின்று ஏறினான்.

உணவு ஆலோசகர் அவனைவிட நாலைந்து வயது இளையவள். சளி பிடித்துக் குரல் கம்மியிருந்தது. கைக்குட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். முதல் நாள், இரண்டாம் நாள். தலையாட்டிக்கொண்டே வந்தாள். நான்காம் நாளில் தலையாட்டல் நின்றது.

"பாதி ஆப்பிள்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"மீதிப் பாதி?"

"அதுல புழு இருந்துச்சு. அடுத்த வரில எழுதியிருக்கேனே."

அவள் பேனாவை மூடினாள். "இந்தப் புழுவை எனக்குத் தெரியும் சார்."



அவள் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்து, கொஞ்ச நேரம் தேடி ஒரு ஃபைலை எடுத்து வந்தாள். அதிலிருந்த காகிதத்தை அவன் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிரதி எடுத்த தாள். அண்ணனின் கையெழுத்து, வலப்பக்கம் சாய்ந்து, ஓடுகிற மாதிரி. நான்காம் நாள். பாதி ஆப்பிள், மீதியில் புழு.

"ரெண்டரை வருஷம் முன்னாடி இதைப் படிச்சப்போ நான் சிரிச்சேன். இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூட எழுதறார், உண்மையான மனுஷன்னு நினைச்சேன். அந்தப் புழுவாலதான் முழுசா நம்பினேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எடை மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. அப்புறம் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துட்டேன். நான்தான் எடுத்தேன். ஒரு வருஷம் கழிச்சுத் திரும்ப வந்தார். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயித்தோட வரச் சொன்னேன். அந்தக் காலையிலதான்..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. பஸ் நிறுத்தத்தில், ஏறுவதற்கு வரிசையில் நிற்கும்போது, நாற்பத்தொரு வயதில்.

"சார், நான் உங்களைத் திட்டப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க நிஜத்துல என்ன சாப்பிடறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவனுக்கு அழுகைதான் முதலில் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அழுதால் நாற்காலியும் சேர்ந்து முனகும். அந்தச் சத்தத்துக்குக் கூச்சப்பட்டே அடக்கிக்கொண்டான்.

"ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறேன் மேடம். என்னோடது ஒண்ணு. அவனோடது ஒண்ணு."

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து."

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. அன்று மருத்துவமனையில் அண்ணனின் பொருட்களை ஒரு பையில் போட்டு அவன் கையில் கொடுத்தார்கள். சட்டை, செருப்பு, கைப்பேசி. சட்டைப் பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் கிரீம் பன். பாதி கடித்தது. உள்ளே இன்னும் சூடு இருந்தது. ஆள் ஆறிப்போயிருந்தான், பன் ஆறவில்லை.

"அம்மா அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தாங்க. அதைப் பார்த்துடக் கூடாதுன்னு பட்டுச்சு. குப்பையில போடவும் மனசு வரல. ஒரு தூணுக்குப் பின்னாடி போய்..." அவன் அண்ணனின் தாளைக் கவிழ்த்து வைத்தான். "சாப்பிட்டுட்டேன். அவன் பல் பட்ட இடத்தையும் சேர்த்து. அப்போ பசியே இல்ல மேடம். அன்னிலேர்ந்து அவனோடது எது முன்னாடி வந்தாலும் கை தானா போயிடுது."

எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றைத் தவிர. அந்தப் பன்னை வாங்கிக் கொடுத்தது யார் என்பதைச் சொல்லவில்லை.

அது தெரு முனை பேக்கரி. அண்ணனும் தம்பியும் மாலையில் வீட்டுக்கு வரும் முன் கண் ஜாடையிலேயே நுழைகிற இடம். வீட்டில் சாப்பிடுவதற்கு முன் ஒரு சாப்பாடு அங்கே நடக்கும். அன்று காலை சின்னவன்தான் இரண்டு பன் வாங்கினான். "பரிசோதனை எங்கடா ஓடிப் போகுது, நாளைக்குக் கொடுத்துக்கலாம், சூடா இருக்கு, தின்னு" என்று அண்ணன் கையில் திணித்தான். அண்ணன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அந்தச் சிரிப்பு இன்னும் இவன் காதுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இதயம் பல வருடமாகவே பழுது, பன்னுக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது இவனுக்கும் தெரியும்தான். தெரிந்து என்ன பிரயோசனம்?

ஆலோசகர் ஒரு புது நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இன்னும் ஏழு நாள் தரேன். இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க. அசிங்கமா இருந்தாலும் அப்படியே வேணும். ஒரு வரி பொய்னாலும் இந்தத் தடவையும் நான்தான் பேரை எடுக்கணும். என்னை அதைச் செய்ய வைக்காதீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "வீட்ல பரிமாறுறது யாரு?"

"அம்மா."

"அவங்களுக்குத் தெரியாம இதை எழுத முடியாது சார்."

கதவு வரை போனவனை மறுபடி கூப்பிட்டாள். "உங்க அண்ணன் கடைசியா வந்தப்போ என்கிட்ட ஒண்ணு சொன்னார். நோட்டுல இல்லாதது." சொல்லிவிட்டுத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாம். அதைக் கேக்க வேண்டியவங்க நீங்க இல்ல."

*

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவன் மனைவி ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தாள். கணவனைப் பார்த்ததும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, அவனைப் பின்னறைக்கு இழுத்துப் போனாள். லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் நிற்கலாம். இரண்டு பேர் நின்றார்கள்.

"பேரை எடுத்துட்டாங்களா?"

"இல்ல. ஏழு நாள் குடுத்திருக்காங்க." அவன் காப்பி அடித்த கதையைச் சொன்னான். புழுவையும் சொன்னான். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். "அடப்பாவி. அப்போ அது நீங்க பார்த்து எழுதினதா?"

"ஏன்?"

"அத்தை படிச்சுட்டாங்க. போன சனிக்கிழமை, மேசை மேல கிடந்த உங்க நோட்டை. என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கை சில்லுனு இருந்துச்சு. 'பெரியவன் எழுதின அதே வார்த்தை. அதே ஆப்பிள், அதே புழு. இவன் கையைப் பிடிச்சு அவன் எழுதறான்டி, அவன் இவனையும் கூப்பிடறான்டி'ன்னாங்க. நான் ஏதோ குழப்பத்துல பேசறாங்கன்னு நினைச்சேன்."

"கூப்பிடறானா?" என்றான் சின்னவன்.

"உங்களுக்கு ஒண்ணு புரியலையா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "பெரியவர் எழுதினதெல்லாம் நிஜம்னு அத்தை நம்பறாங்க. அவ்வளவு பெரிய உடம்பு பாதி ஆப்பிளைத் தின்னுட்டு நாளைத் தள்ளியிருக்குன்னு நம்பறாங்க. கடைசி நாளும் ஒரு வாய்கூட சாப்பிடாம படி இறங்கினார். தன் பிள்ளை பட்டினி கிடந்து செத்தான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. இருபத்தெட்டு வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வயிறு ரொம்பப் போட்டவங்க."

"அவன் சாப்பிட்டான்" என்றான் சின்னவன். அது அவனை மீறி வந்தது.

"என்ன?"

"எல்லாம் சாப்பிட்டான். நாங்க ரெண்டு பேரும்தான். தினமும்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரவேண்டிய இடம். ஆனால் அவள் முகத்தில் வந்தது பயம். "அப்போ அதை அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க பயம் தீரும்."

"சொன்னா அப்புறம் என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சியா? பட்டினியால சாகலன்னா, எதால செத்தான்னு கேப்பாங்கல்ல? அவங்க கையால போட்டதுதான்னு ஆயிடும்."

இயந்திரம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

"சொல்லலன்னா நீங்க எதிர்த் தட்டைத் தின்னுக்கிட்டே இருப்பீங்க" என்றாள். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பதினாலு மாசமா அடுக்களையில வேலையே இல்லாம அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வரேன். உங்களுக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு."

*

சாயங்காலம் ஏழு மணி. மேசை நிறைந்திருந்தது. வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, முட்டை, சோறு, பால் ஊற்றிப் பிசைந்த ரொட்டி. ஒரு வகுப்புக்கே போடலாம். அம்மா மட்டும் எப்போதும் போலக் குச்சி மாதிரி, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் முடித்த பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை நின்றபடியே வழித்துச் சாப்பிடுவாள். அவளுக்குத் தட்டு என்று ஒன்று தனியாக இருக்கிறதா என்பதே சின்னவனுக்குத் தெரியாது.

இரண்டு தட்டிலும் போட்டு முடித்தாள். வழக்கம்போலத் துணி மடிக்கத் திரும்பினாள்.

"அம்மா, கொஞ்சம் இரு."

மனைவி இந்த முறை அடுக்களைக்குப் போகவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தட்டை நான்தாம்மா சாப்பிடறேன். தினமும்."

அம்மாவுக்கு அதிர்ச்சியே இல்லை. "எனக்குத் தெரியாதா? உனக்குத்தானேடா வைக்கறேன்" என்றாள், ஒரு மடையனுக்கு விளக்குகிற மாதிரி. "உன் தட்டுல கூட ரெண்டு வச்சா டாக்டர் திட்டுவார்னு தள்ளிடறே. அவன் பேரைச் சொல்லி வச்சா மிச்சம் வைக்காம சாப்பிடறே. எனக்கு அது போதும். ஒருத்தன் வெறும் வயித்தோட போயிட்டான். இன்னொருத்தனையும் அப்படி அனுப்ப மாட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். அவள் வைத்ததால் இவன் தின்றான், இவன் தின்றதால் அவள் வைத்தாள். நடுவில் பெரியவனை உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்க்காமலே இத்தனை நாளை ஓட்டிவிட்டார்கள்.

"அம்மா, அவன் வெறும் வயித்தோட போகல."

கரண்டி அப்படியே நின்றது.

"அந்த நோட்டுல இருக்கறது பூரா பொய். என்னோடது அதைப் பார்த்து எழுதினது. யாரும் என் கையைப் பிடிச்சு எழுதல. அவன் நல்லா சாப்பிட்டான்மா. உன் சோறும் சாப்பிட்டான், வெளியேயும் சாப்பிட்டான். அன்னிக்குக் காலையிலகூட. பஸ் நிறுத்தத்துல. கிரீம் பன்."

 அம்மாவின் உதடு ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது. பிறகு, இருபத்தெட்டு வருடம் அடுப்படியில் நின்றவள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டாள்.

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பதினான்கு மாதமாகக் கல்லாகக் கிடந்த முகம் மெல்ல இளகியது. கண்ணீர் ஓடியது, ஆனால் அவள் ஏறக்குறையச் சிரித்தாள். "சூடா சாப்பிட்டானா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "என் ராஜா, சூடாத்தான் சாப்பிட்டானா."

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாக்கள் நிறுத்த மாட்டார்கள்.

"யாருடா வாங்கிக் குடுத்தா? அன்னிக்கு அவன் பர்ஸை மேசை மேலயே மறந்துட்டுப் போனானே."

மனைவியின் தலை சட்டென்று அவன் பக்கம் திரும்பியது. இவளுக்கும் இது தெரியாது. சின்னவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.

"நான்தாம்மா."

திட்டுவாள் என்று நினைத்தான். அடித்தால்கூட நல்லது என்று நினைத்தான். அம்மா அவன் பக்கத்தில் வந்தாள். அவன் முகவாயைத் தொட்டு, விரலைத் தன் உதட்டில் ஒற்றிக்கொண்டாள்.

"நீயாவது குடுத்தியே. உனக்குக் கோடிப் புண்ணியம்டா" என்றாள். சொல்லிவிட்டு, கோழியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அதன்மேல் இன்னொன்று. மேலே உருளைக்கிழங்கு. "சாப்பிடு. நீ நல்லா இருக்கணும். சாப்பிடு."

அப்போது அவனுக்கு வந்த பயம் எதிர் நாற்காலியைப் பார்த்து வந்த பயத்தைப் போல் இல்லை. இவ்வளவு அன்பாக, இவ்வளவு நன்றியோடு, அவனைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுகிற கை இது. அண்ணன் கையில் அன்று பன்னைத் திணித்த தன் கையும் இப்படியேதான் இருந்தது என்பது அவனுக்கு உறைத்தது. சிரித்துக்கொண்டு, அன்பாக.

அவன் தட்டைக் கையால் மூடினான்.

"வேணாம்மா."

அம்மா வெளிறிப்போனாள். "சொல்லாதே" என்றாள். "அந்த வார்த்தையைச் சொல்லாதே. அவனும் இதைத்தான் சொன்னான். இப்படியேதான் கையை வச்சு மறைச்சான்."

"அவன் பொய் சொன்னான்மா. நான் நிஜமா சொல்றேன்."

 கோழித் துண்டின் எண்ணெய் கரண்டியிலிருந்து விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. விரிப்பில் ஒரு பொட்டு விழுந்தாலே சண்டைக்கு வருகிறவள்.

"அப்போ" என்றாள் மெதுவாக. "வீட்லயும் சாப்பிட்டான். வெளியேயும் சாப்பிட்டான். பட்டினி இல்ல." மேசை மீதிருந்த ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அப்போ எதுடா அவனைக் கொண்டுபோச்சு?"

மதியம் கடையின் பின்னறையிலேயே இந்தக் கேள்வி வரும் என்று சின்னவனுக்குத் தெரிந்திருந்தது. இதயம் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லலாம். யாருடைய தப்பும் இல்லை என்று சொல்லலாம். இரண்டுமே உண்மைதான். இரண்டுமே அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. அவன் பேசாமல் இருந்ததையே அம்மா பதிலாக எடுத்துக்கொண்டாள்.

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். சத்தம் வராமல், ரொம்பக் கவனமாக வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை" என்று மனைவி எழுந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுகிட்ட அவன் நிறையப் பேசுவான்ல?" அம்மா அவளைப் பார்க்காமலே சொன்னாள். "நாளைக்கு என்னை அங்கே கூட்டிட்டுப் போங்க. நான் போட்டதைப் பத்தி அவன் என்ன சொன்னான்னு கேக்கணும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மனைவி கதவருகே போய் நின்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். "அத்தை, நீங்க இன்னும் சாப்பிடலையே" என்றாள். 

சின்னவன் மேசையிலேயே இருந்தான். எல்லாம் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. பரிமாற யாரும் இல்லை. போடு என்றோ போதும் என்றோ சொல்ல யாரும் இல்லை. புது நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தான். உண்மையை மட்டும் எழுத வேண்டும். அதற்கு முதலில் எவ்வளவு சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கும் முதலில் பசிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தான். முப்பத்தாறு வயதில் இதைத் தன்னையே கேட்டுக்கொள்வது இதுதான் முதல் தடவை. 

பசிக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை.